பத்தாயிரத்தில் ஒருத்தி

கவாசாகி
2023 ஏப்ரல் 9

அக்காவுக்கு,

மூன்று முறை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும் என்று எழுதுகிறேன்.

அப்பாவின் நினைவு நாளில் நான் செய்தது தப்பு. பிக்கு சூத்திரம் ஓதி முடிப்பதற்குள் சுஸுவை அப்பா படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, "தலைய கொஞ்சம் சாய்ச்சுக்கோ கண்ணு" என்று போனை நீட்டினேன். நீ எல்லார் முன்னாலும் என் கையைத் தட்டிவிட்டாய். போன் ஊதுவத்திச் சாம்பலில் விழுந்தது. உன்னைத் திட்டிவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். அந்தப் படத்தை ரயிலில் உட்கார்ந்தே இணையத்தில் போட்டேன். இதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏன் செய்தேன் என்று கேள். ஆறு வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேனே, அம்மா வேலை பார்த்த மீன் டப்பா ஆலையை வைத்து. அது முடிந்துவிட்டது. பதிப்பாசிரியர் குவாபாதா-சானிடம் கொடுத்தேன். நாலே நாளில் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஹொன்மா-சான், ரெண்டு எடத்துல அழுதுட்டேன்."

"அப்ப போடுவீங்களா?"

"நான் அழுதத கூட்டத்துல சொல்ல முடியாதுங்க. விற்பனைப் பிரிவுல முதல் கேள்வியே, இந்த எழுத்தாளருக்கு ஃபாலோயர் எத்தனைன்னுதான். உங்களுக்கு எத்தனை?"

அறுநூற்றுப் பன்னிரண்டு. சொல்லவே கூச்சமாக இருந்தது. "பத்தாயிரம் காட்டுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். என் முதல் புத்தகம் எழுநூறு பிரதிகூடப் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு மாதம் எழுத்தைப் பற்றியே எழுதிப் போட்டேன். முப்பது பேர் பார்ப்பார்கள். ஒரு நாள் மஞ்சள் தொப்பியோடு சுஸு மழையில் நடந்துபோகிற படத்தைச் சும்மா போட்டேன். நாலாயிரம் பேர்! அன்றிரவே எண்ணூறு பேர் என்னைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை, அக்கா. இப்போது ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது.

சுஸு உன்னைக் கேட்கிறாள். மன்னித்துவிடு.

சிசாதோ

*

சகாதா
ஏப்ரல் 17

சிசாதோ,

கிழிக்கவில்லை. நல்ல காகிதம், பின்பக்கம் சமையல்கூடத்துக் கணக்கு எழுத ஆகும் என்று வைத்திருக்கிறேன்.

இங்கே இன்னும் கடல் காற்று காதை அறுக்கிறது. காலை ஆறு மணிக்கு எண்ணூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கப் போகிறவளுக்கு இணையத்தில் நடப்பது தெரியாது என்று நினைத்தாயா? எங்கள் அலுவலகப் பெண் தன் போனில் காட்டினாள். "தொகிகோ-சான், இது உங்க தங்கச்சி பொண்ணுதானே? எவ்ளோ அழகு!" என்றாள்.

பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் எந்தத் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குவாள், கேரட்டை எங்கே ஒளித்து வைப்பாள், எந்தத் தெருமுனையில் பூனையோடு பேசுவாள், எல்லாம் இருக்கிறது. மார்ச் மாதம் அவளுக்கு முதல் பல் விழுந்ததாம். ஊரே கொண்டாடியிருக்கிறது. பெரியம்மாக்காரி ஐயாயிரத்து ஒன்றாவது ஆளாகத் தெரிந்துகொள்கிறேன்.

போகட்டும், அது என் பொறாமை. இன்னொன்று சொல்கிறேன், அது பொறாமை இல்லை. அவள் தொப்பியில் கொக்குச் சின்னம் தெரிகிறது. ஒரு படத்தில் பின்னால் ரயில் பாலம் தெரிகிறது. உன் ஊர்ப்பக்கமே வராத எங்கள் அலுவலகப் பெண்ணே பத்து நிமிஷத்தில் அவள் படிக்கிற பாலர் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டாள். விளையாட்டாகத்தான் தேடினாள்.

நிறுத்து. புத்தகம் நல்லதாக இருந்தால் வரும்.

மலைக்கீரை ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். சுஸுவுக்கு உப்பைக் கழுவிக் கொடு.

தொகிகோ

*

கவாசாகி
மே 19

அக்காவுக்கு,

ஊறுகாய்க்கு நன்றி. நீ கோபத்தோடாவது எழுதினாய், அதுவே போதும்.

'நல்லதாக இருந்தால் வரும்' என்கிறாய். என்னைவிட நன்றாக எழுதுகிற இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தி மருந்துக்கடையில் இருக்கிறாள். இன்னொருவர் எழுதுவதை விட்டுவிட்டார். எனக்கு நாற்பதாகப் போகிறது. சலவைக்கடை கவுன்டரில் நின்றபடி, மற்றவர்கள் சட்டைக்குச் சீட்டுக் குத்திக்கொண்டே என் காலம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நீ பார்க்கிற பயம் வேறு, நான் பார்க்கிற பயம் வேறு.

இப்போது எட்டாயிரத்து இருநூறு. ஜூன் 19 கூட்டத்தில் என் நாவலை வைப்பதாக குவாபாதா-சான் சொல்லிவிட்டார். பள்ளித் தொப்பி தெரிகிற படங்களை நீ சொன்னபடி எடுத்துவிட்டேன்.

கேட்க மறந்தேன். மழை பூட்ஸ் நீதானே அனுப்பினாய்? திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. தவளைப் பச்சை நிறத்தில் பூட்ஸ். சுஸுவுக்கு அப்படியே பொருந்தியது. பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. "பெரியம்மா குடுத்தாங்க!" என்று அவள் வெயிலில்கூட அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். அஞ்சல் முத்திரை இல்லையே, யாரிடம் கொடுத்துவிட்டாய்?

சிசாதோ

*

சகாதா
மே 22. விரைவு அஞ்சல்

சிசாதோ,

நான் அனுப்பவில்லை.

அவள் கால் அளவே எனக்குத் தெரியாது. தவளைப் பச்சை வேண்டுமென்று அவள் கேட்டிருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் நீ எங்கே எழுதினாய், யோசி. அதைப் படித்தவர் யாரோ உன் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறார். கைப்பிடியைத் தொட்டிருக்கிறார்.

பூட்ஸைக் கழற்று. காவல் சாவடிக்குப் போ. இன்றைக்கே போ.

தொகிகோ

*

கவாசாகி
ஜூன் 7

அக்காவுக்கு,

நேற்று போனில் நான் கேட்டது உன்னைக் குத்திவிட்டது என்று தெரியும். நீ பதில் சொல்லாமல் வைத்துவிட்டாய். என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்னால்தான் நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது புரியும்.

உன் கடிதம் வந்த அன்றே காவல் சாவடிக்குப் போனேன். சின்ன வயசுக் காவலர், மரியாதையாகத்தான் பேசினார். "பரிசு குடுக்கறது குற்றம் இல்லீங்களே. மிரட்டல் எதாவது வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப படம் போடறத நிறுத்துங்க. வாசல்ல ரோந்து வரச் சொல்றேன்" என்றார்.

நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன். மூன்று நாளில் முந்நூறு பேர் போய்விட்டார்கள். கடையில் சீட்டுக் குத்தும்போதுகூட எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குவாபாதா-சானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் பயந்துதான் போனார். "எனக்கும் பொண்ணு இருக்கா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "பத்தொம்பதாம் தேதி வரைக்கும்... பழைய படமா இருந்தா பரவால்லையா?" என்று கேட்டார். பழைய படங்களைப் போட ஆரம்பித்தேன்.

நேற்று மதியம் பாலர் பள்ளிக்கு ஒரு போன் வந்திருக்கிறது. பெண் குரல். சுஸுவின் ஆசிரியை ஒகுஷி-சான்தான் எடுத்திருக்கிறார்.

"நான் சுஸுவோட பெரியம்மா. சகாதாலேர்ந்து வந்திருக்கேன். அவங்க அம்மாவுக்குக் கடையில வேலை முடியல, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

உன் ஊர்ப் பேச்சு மாதிரியே இழுத்துப் பேசினாளாம். சுஸுவுக்கு முட்டை ஆகாது, அதனால் தின்பண்டம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். ஒகுஷி-சான் நம்பிவிட்டார். குழந்தைக்கு ஷூ மாட்டி வாசலில் நிறுத்திவிட்டார், அக்கா. கடைசியில் தலைமை ஆசிரியை வந்து, "கூட்டிட்டுப் போற அட்டை இருக்கான்னு கேட்டீங்களா?" என்று கேட்டதில்தான் எனக்குப் போன் வந்தது. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். யாரும் வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

சுஸு வாசலில் அழுதுகொண்டிருந்தாள். "பெரியம்மா ஏன் வரல?" என்று.

அதனால்தான் கேட்டேன், அன்று மதியம் நீ எங்கே இருந்தாய் என்று. உன் பெயர், உன் ஊர், உன் பேச்சு. ஒரு நிமிஷம், குழந்தையை என்னிடமிருந்து காப்பாற்ற நீயே வந்துவிட்டாயோ என்று தோன்றிவிட்டது. உனக்கு அப்படி ஒரு கோபம் இருந்தால் நியாயம்தானே என்றும் தோன்றியது.

உன்னைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். பள்ளிச் சமையல்கூடம், நீ பேசுகிற தினுசு, எல்லாவற்றையும். 'சகாதா பெரியம்மா' பதிவுகளுக்கு நல்ல வரவேற்பு இருந்தது.

சிசாதோ

*

சகாதா
ஜூன் 9

சிசாதோ,

ஆறாம் தேதி மதியம் நான் கறிச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். வருகை அட்டையில் முத்திரை இருக்கிறது. வேண்டுமானால் போலீஸில் காட்டு.

இரண்டு நாளாக எனக்கு ஆறவில்லை. பிறகு கரண்டியைக் கழுவும்போது யோசித்தேன். என் தங்கை என்னையே சந்தேகப்படும் அளவுக்கு ஒருத்தி நம் நடுவில் புகுந்துவிட்டாள். என் குரலை எடுத்துக்கொண்டு ஒரு குழந்தையை வாசலில் நிறுத்தியிருக்கிறாள். இதற்கு உன்மேல் கோபப்பட்டு ஆவதென்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டியில் வருகிறேன். சுஸுவைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுவேன். இங்கே கோயிலை ஒட்டி ஒரு பாலர் பள்ளி இருக்கிறது. அதை நடத்துகிற பிக்குவின் மனைவியை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். பேசிவிட்டேன்.

நீயும் வா என்று சொல்ல ஆசைதான். பத்தொன்பதாம் தேதி வரை நீ வரமாட்டாய் என்று தெரியும். வா என்று சொல்லி நீ மாட்டேன் என்றால் எனக்குத் தாங்காது. அதனால் சொல்லவில்லை.

தொகிகோ

*

கவாசாகி
ஜூன் 28

அக்காவுக்கு,

வீடு நிசப்தமாக இருக்கிறது. அழைப்பு மணி அடித்தால் திறப்பதில்லை. கடைக்குப் போகும்போது மூன்று தெரு சுற்றிப் போகிறேன். வண்டியில் பக்கத்தில் உட்காருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்க்கிறேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறேன். அவள் வயசு தெரியாது, முகம் தெரியாது. என்னைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும்.

கூட்டம் முடிந்தது. அன்று காலை பத்தாயிரத்து இருநூற்று நாற்பது. ஒத்துக்கொண்டார்கள்! அக்டோபரில் புத்தகம் வருகிறது. குவாபாதா-சான் போனில் சிரித்தார், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வீட்டில் யாரிடமும் சொல்ல ஆளில்லை.

ஒரே ஒரு சிக்கல். புத்தகம் வரும் வரை கணக்கு உயிரோடு இருக்க வேண்டுமாம். பழைய படங்கள் தீர்ந்துவிட்டன. சுஸு எங்கே என்று தினமும் கேட்கிறார்கள். எண் இறங்க ஆரம்பித்துவிட்டது. அக்கா, திட்டாதே. முகம் வேண்டாம். அவள் கை மட்டும், இல்லையென்றால் மணலில் கால்தடம் மட்டும். உன் அலுவலகப் பெண்ணின் போனில் எடுத்து அனுப்ப முடியுமா? அவள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது.

சிசாதோ

*

சகாதா
ஜூலை 3

சிசாதோ,

முடியாது.

காரணம் கேட்பாய். முந்தாநாள் சுஸுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் உட்கார்ந்தவள் திடீரென்று தோள் வரை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டாள்.

"பெரியம்மா, இங்க எத்தன பேர் பாக்கறாங்க?"

"யாரும் இல்லடி கண்ணு. நீயும் நானும்தான்."

"அப்ப ஏன் என்ன குளிப்பாட்டறீங்க?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். "யாரும் பாக்கலன்னா வேணாம்ல?"

முதுகுக்குச் சோப்புப் போட்டு முடித்தேன். ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

பயல்களோடு மண்ணில் புரள ஆரம்பித்திருக்கிறாள். விழுந்தால் எழுந்திருப்பதற்கு முன் யாராவது போன் நீட்டுகிறார்களா என்று சுற்றிப் பார்க்கிறாள். அதுவும் குறைந்துவருகிறது. அதை நான் கெடுக்கமாட்டேன்.

உனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தால் இதோ, அவள் பள்ளியில் வரைந்தது. கலங்கரை விளக்கம், நான், மீன் மாதிரி இருப்பது நீ. இது உனக்கு மட்டும்.

தொகிகோ

*

சகாதா
ஜூலை 13

சிசாதோ,

போனில் சொன்னால் முழுதாகச் சொல்லவிடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். சுஸு நன்றாக இருக்கிறாள். அதை முதலில் படி. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்று மூன்றரை மணிக்கு சைக்கிளில் பாலர் பள்ளிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்று பிக்குவின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். சாம்பல் நிறச் சட்டை, சுத்தமான வெள்ளை ஷூ, கையில் துணியில் கட்டிய சாப்பாட்டு டப்பா. எந்தக் கடையிலும் பார்க்கிற முகம். பிக்குவின் மனைவி என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய் நின்றார்.

"தொகிகோ-சான், இவங்க... சுஸுவோட பெரியம்மான்னு சொல்றாங்க."

சைக்கிளை அப்படியே விட்டேன். அது விழுந்த சத்தம் எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

"எந்தப் பெரியம்மா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துப் பணிவாகத் தலைகுனிந்தாள். "சகாதா பெரியம்மாங்க. பள்ளிக்கூடச் சமையல்ல இருக்கேன். அவளுக்கு முட்டை ஆகாது, அதான் வீட்லேர்ந்தே செஞ்சு எடுத்துட்டு வந்தேன்."

"அது நான்."

அவள் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள், சிசாதோ. பொய் சொல்கிற குழந்தையை டீச்சர் பார்ப்பாளே, அப்படி. "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் அவகூட ரெண்டாயிரம் நாளா இருக்கேன்" என்றாள். உன் கணக்கு ஆரம்பித்தே ஒரு வருஷம் ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து சுஸு உள்ளேயிருந்து "பெரியம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் திரும்பினோம். இரண்டு பேரும் "வந்துட்டேன்!" என்றோம். அவள் குரலும் என் குரல். நான் நடுவில் பாய்ந்து குழந்தையை வாரிக்கொண்டேன். அந்தப் பெண் என் தோளில் கையை வைத்தாள், தள்ளவில்லை, வைத்தாள். "பத்திரமா புடிங்க, கழுத்துக்கு அடில" என்றாள்.

பிக்கு வெளியே வந்து கேட்டைச் சாத்தினார். போலீஸ் வரும் வரை அவள் எங்கும் போகவில்லை. வெளித்திண்டில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சைதாமாவில் ஏதோ எழுதுபொருள் கம்பெனியில் இருபது வருஷமாக வேலையாம். அவள் வீட்டில் ஒரு சின்னக் கட்டிலும் புது மெத்தையும் இருந்ததாக இன்று காலை காவலர் சொன்னார். அதற்குமேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இந்தப் பள்ளி எப்படித் தெரிந்தது என்று அவளிடமே கேட்டார்களாம். படம் பார்த்தேன் என்றாளாம். ஓவியத் தாளின் மூலையில் பள்ளி முத்திரை இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. உனக்கு மட்டும் என்று அனுப்பினேனே, அந்தப் படத்தை.

போட்டாயா?

தொகிகோ

*

கவாசாகி
ஜூலை 15

அக்கா,

போட்டேன். எட்டாம் தேதி. அன்று மட்டும் நூற்று எழுபது பேர் புதிதாக வந்தார்கள்.

உன் கடிதத்தைச் செருப்புகூடக் கழற்றாமல் வாசலிலேயே படித்தேன். படித்து முடித்ததும் கணக்கை அழித்துவிட்டேன். 'நிச்சயமாகவா?' என்று இரண்டு முறை கேட்டது. கடைசியாகப் பார்த்தபோது பத்தாயிரத்து நானூற்று ஆறு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நான் வரட்டுமா?

சி.

*

சகாதா
ஜூலை 20

சிசாதோ,

வராதே. இப்போது வேண்டாம்.

உன்மேல் கோபம் இருக்கிறது, ஆனால் காரணம் அது இல்லை. சுஸு அன்றிலிருந்து என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிகிறாள். ஆனால் நான் கூப்பிட்டால் உடனே வருவதில்லை. கிட்டே வந்து என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் "சரி" என்கிறாள். நானும் யாராவது பின்னால் நடந்தால் நின்றுவிடுகிறேன். சமையல்கூடத்தில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருக்கிறது, அதனால் பேசுவதைக் குறைத்துவிட்டேன்.

முதலில் போலீஸ் வேலையை முடி. என்ன சொல்கிறார்கள் என்று எழுது. பிறகு அப்பாவுக்கு விளக்கேற்ற ஒபோன் விடுமுறைக்கு வா. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை.

வேளைக்குச் சாப்பிடு.

தொகிகோ

*

கவாசாகி
ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

நீ கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் புத்தகம். கணக்கை அழித்த மறுநாள் குவாபாதா-சான் கூப்பிட்டார். "பத்தாயிரம் பேர்... ஒரே நாள்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பிறகு, "கொழந்த நல்லாருக்காளா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறாள் என்றேன். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போன வாரம் கடிதம் வந்தது. அக்டோபர் பட்டியலிலிருந்து என் நாவலை எடுத்துவிட்டார்கள். 'சூழ்நிலை மாறினால் மீண்டும் பரிசீலிக்கலாம்.' சூழ்நிலை என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்து அவள். என் பக்கமும் உன் பக்கமும் சுஸு பக்கமும் வரக் கூடாது என்று எச்சரிக்கை உத்தரவு போட்டிருக்கிறார்கள். மீறினால் கைது. அவளுடைய அண்ணன் வந்து கூட்டிப்போயிருக்கிறார், வைத்தியம் பார்க்கிறார்களாம். இதற்குமேல் தங்களால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை என்று காவலர் நேர்மையாகச் சொன்னார். பயம் போகாது, அக்கா. அதோடுதான் இருக்கப் போகிறோம்.

நேற்று காவல் நிலையத்தில் அவள் வீட்டிலிருந்து எடுத்த சில பொருட்களைக் காட்டினார்கள். உங்களுடையது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். சுஸுவின் படங்களை அச்செடுத்து மாதவாரியாகக் கட்டிவைத்திருந்தாள். அவற்றை என்னால் தொட முடியவில்லை. அவற்றின் அடியில் என் முதல் புத்தகம் இருந்தது.

அட்டை கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. நூறு முறையாவது திறந்து மூடியிருப்பாள். ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்து. நூற்று முப்பத்தோராம் பக்கத்தில், மீனை அரிகிற அம்மாவைப் பற்றி ஒரு வரி வரும். அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'நாற்பதாம் பக்கத்தில் அம்மா இடது கைக்காரி. இங்கே கத்தி ஏன் வலது கையில் இருக்கிறது? அன்று கையில் காயமோ?'

எனக்குத் தெரியாது, அக்கா. நான் கவனித்ததே இல்லை. குவாபாதா-சான் கவனிக்கவில்லை, திருத்துநர் கவனிக்கவில்லை, விமர்சனம் எழுதிய இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பத்தாயிரத்து நானூற்று ஆறு பேரில் என் எழுத்தை ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான். அது வெறும் பிழை என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. என் அம்மாவின் கையில் காயமோ என்று கவலைப்பட்டிருக்கிறாள்.

இனி எழுதப் போவதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் குழந்தைக்குக் கட்டில் வாங்கி வைத்தவள் அவள். அது தெரிந்தும், அந்த ஒரு பக்கம் படிக்கிற நேரம், உடம்பெல்லாம் சூடாகிச் சந்தோஷமாக இருந்தது. காவலர் புத்தகத்தை மூடினார். "இன்னும் ஒரு நிமிஷம்" என்று என் வாய் கேட்டுவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து வேறு பெயரில் ஒரு கணக்கு திறந்தேன். ஒன்றும் போடவில்லை. பூஜ்யம் என்று காட்டியது. அந்தப் பூஜ்யத்தைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றாக மாறுமா என்று. பிறகு மூடினேன். மூடினேன் என்று எழுதுகிறேன். நாளைக்கும் மூடியே வைத்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

அவளுக்கு எதிராக உத்தரவு இருக்கிறது. எனக்கு எதிராக யாரும் போடமாட்டார்கள்.

சனிக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். வாசலில் நின்று கூப்பிடுவேன். சுஸுவை உள்ளேயே வைத்துக்கொண்டு நீ மட்டும் வந்து ஜன்னல் வழியாகப் பார். முதலில் என் இரண்டு கைகளையும் பார். கையில் போன் இருந்தால், நான் என்ன சொன்னாலும் கதவைத் திறக்காதே.

சிசாதோ